காய்வதற்கு ஆறு வாரம்

அக்கா,

ஊரிலிருந்து என் சின்ன மாமனார் வந்திருக்கிறார். இன்று காலை அவர் குளித்துவிட்டுப் போன பிறகு குளியலறைக்குள் நுழைந்தேன். சோப்பு, வாளிக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. அடிப்பக்கம் கொழகொழத்துப் போயிருந்தது. குனிந்து எடுத்தேன். நான் யோசிப்பதற்கு முன்பே கை வேலையைத் தொடங்கிவிட்டது. கொழகொழப்பை விரலால் வழித்தது, ஒரு முறை அலசியது, குறுகிய பக்கம் கீழே இருக்கும்படி ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்தது.

"ஏம்மா, அந்தச் சோப்பு கெட்டுப் போச்சா?" என்று வெளியிலிருந்து மாமா கேட்டார்.

"இல்லீங்க மாமா. ஈரம் வடியட்டும்னு வச்சேனுங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று உறைத்தது. ஈரம் வடியட்டும். மூன்று வருடத்துக்குள் அதை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. இத்தனை நாளும் உங்களைப் பற்றி யாரிடமும் நான் பேசியதில்லை. உங்களிடமே பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பழக்கம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது, நினைவிருக்கிறதா? அது டிசம்பர் மாதம். கட்கியில் உங்கள் சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் விற்பனை. கேக் வாங்கலாம் என்று வந்தவள், ஒரு மேஜைக்குப் பின்னாலிருந்து தமிழ்ப் பேச்சு கேட்டு நின்றுவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும்; காய்கறிக் கடையில் எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தி; என் வீட்டுக்காரரோ ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்கு விடியும்போது கிளம்பினால் இருட்டிய பிறகு வருபவர். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் தேவையில்லாமல் நான்கு சோப்பு வாங்கினேன். இரண்டு வெட்டிவேர், இரண்டு ஆரஞ்சுத் தோல்.

பத்தே நாளில் நான்கும் கரைந்து கூழாகிவிட்டன. மிச்சத்தை ஒரு டப்பாவில் வழித்துப் போட்டுக்கொண்டு, சோப்பு அட்டையில் இருந்த விலாசத்தைத் தேடி உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி வந்தேன்.

நீங்கள் டப்பாவைத் திறந்து பார்த்தீர்கள். "இது சோப்பு இல்லமா. அல்வா" என்றீர்கள். எனக்குக் கோபம் ஏறியது. நீங்கள் சிரிக்கவில்லை. நோயாளியை விசாரிக்கும் டாக்டர் மாதிரி கேட்க ஆரம்பித்தீர்கள்.

"பக்கெட்டா, ஷவரா?"

"ஷவருங்க."

"சோப்ப எங்க வைக்கிற?"

"அதுக்குன்னு டப்பா இருக்குதுங்க."

"டப்பாவுக்கு அடியில ஓட்டை இருக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருடமாகத் தினமும் பார்க்கும் டப்பா.

"சரி. ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி வரேன். உன் பாத்ரூம நான் பாக்கணும்" என்றீர்கள்.

சும்மா சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டு பஸ் மாறி சாங்விக்கு வந்து, நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்க எங்கள் வாசலில் நின்றீர்கள். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். "வணக்கம், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று நீங்கள் கேட்டதும் அவர் பயந்துபோய் வழிவிட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஷவரைத் திறந்து தண்ணீர் எங்கெல்லாம் தெறிக்கிறது என்று பார்த்தீர்கள். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள், ஓட்டை இல்லை. கொசுவுக்குப் பயந்து நாங்கள் திறக்காமலே வைத்திருந்த ஜன்னலைத் திறந்தீர்கள். சமையலறைக்குப் போய், நான் பச்சை மிளகாய் போட்டு வைத்திருந்த சின்ன பிளாஸ்டிக் கூடையைக் காலி செய்து கொண்டுவந்து, ஜன்னல் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டீர்கள். கையோடு கொண்டுவந்திருந்த புதுச் சோப்பைக் கத்தியால் இரண்டாக நறுக்கினீர்கள்.

"பாதிய இதுல போடு. மீதி பாதிய பேப்பர்ல சுத்தி அலமாரியில துணிக்கு நடுவுல வை. அங்க அது சும்மா கெடக்கல, காஞ்சிகினு இருக்குது. ஒடம்புல நேரா தேக்காத. ஒரு துணியில ரெண்டு இழு இழுத்து, அந்தத் துணியால தேய். நொர அப்டி வரும்."

"ரெண்டு பேர் ஒரே சோப்புல குளிக்கறமுங்க. அதுக்கு?"

"ஆளுக்கு ஒன்னு வச்சிக்கோ. இல்லன்னா ஒன்னு இன்னிக்கி, ஒன்னு நாளைக்கி. அதுவும் பாவம், காய நேரம் வேணும் இல்ல? சோப்ப யாரும் தேச்சித் தீக்கறதில்ல காயத்ரி. ஊற வச்சித்தான் தீக்கறாங்க."

அந்தப் பாதிக் கட்டி ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. வாரா வாரம் அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் ஒரே ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவீர்கள்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் உங்களுடையவை ஆயின. அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், கட்கியிலேயே ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். நீங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலையின் கடைசி வருடங்களில் இருந்தீர்கள். சோப்புத் தொழில் பரம்பரையாக வந்ததோ என்று ஒருமுறை கேட்டேன். "எங்க பரம்பரையே கடையில வாங்கின சோப்புதான்" என்றீர்கள். ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடியபோது, போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாம். முதல் ஏழு முறையும் வீணாம்.

"அந்த ஏழையும் தேச்சிக் குளிச்சது நான்" என்றார் அண்ணன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒன்னு தேச்சா நொர வராது. ஒன்னு தேச்சா நொர போவாது."

உள்ளறையில் ஒரு மர அலமாரி முழுக்க, ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு சோப்புகள் நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு காகிதத் துண்டு: வெட்டிய தேதி, எடுக்கும் தேதி. நடுவில் சரியாக ஆறு வாரம். நான் ஒருமுறை நான்கு வாரக் கட்டி ஒன்றைக் கேட்டபோது நீங்கள் தரவில்லை. "உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் பாக்கத்தான் அது சோப்பு. தண்ணி போனாதான் கெட்டியாவும், நாளும் வரும், தோலும் எரியாது" என்றீர்கள். நான் பொறுமை இல்லாதவள். பென்சில் டப்பா மாதிரி அடுக்கியிருந்த அந்த அலமாரிக்கு முன்னால் நின்றால் மட்டும் எனக்கு ஏனோ மூச்சு நிதானமாகும்.

அப்படிப்பட்ட உங்களைத்தான் நான் அவசரப்படுத்தினேன்.

அடுத்த வருடம் கழிந்து அதற்கடுத்த வருடத் தீபாவளி. எங்கள் பிரிவில் அறுபது பேருக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் யோசனை கேட்டார். எல்லோர் முன்னாலும் நல்ல பெயர் வாங்கும் ஆசையில், கையால் செய்த சோப்பு, ஆளுக்கு இரண்டு, அழகான பெட்டியில் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உங்களிடம் வந்தேன். உங்களிடம் காய்ந்து தயாராக இருந்தவை முப்பதோ என்னவோ.

"தீபாவளிக்கு இன்னும் நாலு வாரந்தான் இருக்குது. செஞ்சி வெட்டி எடுத்தா மூணு வாரந்தான் காயும். வேணாம் காயத்ரி. பொங்கலுக்குக் குடுக்கலாம்னு சொல்லு" என்றீர்கள்.

"தீபாவளிப் பரிசைப் பொங்கலுக்குக் கொடுக்க முடியுங்களா? நான் சொல்லிட்டேனுங்கக்கா. அவங்க வாங்கி உள்ள வச்சிருவாங்க. மெதுவாத்தான் எடுப்பாங்க. யாருக்குங்க தெரியப்போகுது?"

நீங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். அவர் பேப்பரை மடித்து வைத்தார். என் முகம் வாடிவிடக்கூடாது என்பதற்காகத்தான் தலையாட்டினீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன்.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் அலுவலக வாட்ஸாப் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. சோப்பு டப்பாவில் பாயசம். ஒருவர் கரண்டியோடு படம் எடுத்துப் போட்டிருந்தார். இன்னொருவருடைய குழந்தைக்குக் கை எரிந்ததாம். மேனேஜர் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டு, கூடவே என் பெயரையும் போட்டார். அன்று சாயங்காலம் உங்களுக்கு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், பழியில் பாதியை உங்கள் பக்கம் தள்ளப் பார்த்தேன் என்றுதான் தோன்றுகிறது.

மறுநாள் பதினொரு மணிக்கு ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். சர்ச்சுக்குப் போகும்போது உடுத்தும் நீலப் புடவை, இரண்டு கையிலும் துணிப்பை. பைக்குள் காய்ந்து தயாரான சோப்புகள், நியூஸ்பேப்பரில் சுற்றியவை. குழந்தைக்குக் கை எரிந்தது என்று கேட்ட பிறகு தூங்க முடியவில்லை என்றீர்கள். அவர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றீர்கள்.

கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். தேநீர் நேரம். இருபது முப்பது பேர் இருந்தார்கள். மேனேஜர் வந்து, இவர் யார் என்று என்னிடம் இந்தியில் கேட்டார்.

"வெண்டர்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அதைச் சொன்னபோது நான் உங்களிடமிருந்து அரையடி நகர்ந்தும் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு கணம்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, உங்கள் சுத்தமான கட்கி இந்தியில் பேசினீர்கள். "கல்தீ சாபுன் கீ நஹீ, மேரீ ஹை." தப்பு சோப்புடையது இல்லை, என்னுடையது. நான் அவசரப்பட்டுவிட்டேன். மிச்சம் இருப்பதை ஜன்னலில் காற்றுப்படும் இடத்தில் மூன்று வாரம் வையுங்கள், நன்றாக வரும். குழந்தை இருக்கும் வீட்டுக்காரர் யார்? அவருக்கு வேறு கொண்டுவந்திருக்கிறேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள், கேலியா பாராட்டா தெரியவில்லை. குழந்தையின் அப்பா மட்டும் எழுந்து வந்து உங்கள் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவசரப்படுத்தியது காயத்ரி என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு மீட்டிங் இருந்தது. லிஃப்ட் வரைதான் உங்களுடன் வந்தேன்.

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். லிஃப்ட் மூடிக்கொண்டது.

அதன் பிறகு இரண்டு முறை போன் செய்தேன். "கொஞ்சம் வேலமா" என்றீர்கள் இரண்டு முறையும், குரலில் கோபம் இல்லாமல். கோபம் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பேன். இல்லாததால் வரப் பயமாக இருந்தது. சனிக்கிழமைகளில் துணி மடித்தேன், சீரியல் பார்த்தேன். ஏழு மாதம் போய்விட்டது.

ஜூன் மாதம் கட்கி பஜாரில் அண்ணனைப் பார்த்தேன். இளநீர்க்காரரிடம், உள்ளே வழுக்கை இல்லாததாகப் பார்த்துக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா போயிகினு இருக்கிறோம்மா" என்றார். "ஏப்ரல்லேர்ந்து. வயித்துல கட்டி. மருந்து ஏத்தறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேண்ணா."

"அவதான் வேணாம்னா. பாவம், வேலையில இருக்கும் அந்தப் பொண்ணுன்னா."

இளநீரை நானே வாங்கித் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். நீங்கள் ஹாலில் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். தலையில் துண்டு. உள்ளங்கைகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. பாதங்களும் அப்படியே. மருந்து சிலருக்கு அப்படிச் செய்யுமாம். நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"வா. சாங்விக்காரிக்கு இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றீர்கள்.

"அக்கா, அன்னிக்கு ஆபீஸ்ல..." என்று தொடங்கினேன்.

"வெண்டர்னு சொன்னியே, அதுவா?"

தலையாட்டினேன்.

"வெண்டர்தானே நானு, சோப்பு விக்கிறவ. அது ஒன்னும் பொய் இல்ல. ஆனா அத்தினி பேருக்கு முன்னாடி நான் தனியா நின்னுகினு இருந்தேன் காயத்ரி. நீ ஒரு எட்டு வச்சி என் பக்கத்துல வந்திருக்கலாம். ஒன்னும் பேச வேணாம். சும்மா நின்னிருந்தா போதும்."

எத்தனையோ விதமாகத் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் கொஞ்ச நேரம் அழவிட்டீர்கள். பிறகு, "போ, மூஞ்சக் கழுவிகினு வா. ஆனா அந்த வெட்டிவேர் சோப்பத் தொடாத. அந்த வாசன வந்தா எனக்குக் கொமட்டுது" என்றீர்கள்.

அப்படித்தான் அந்தப் பேச்சு வந்தது. மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து எந்த வாசனையும் உங்களுக்கு ஆகவில்லை. ஆஸ்பத்திரியின் சோப்புத் தண்ணீர், கடைச் சோப்பு, எதுவானாலும் குமட்டல். வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளறை அலமாரியில் உங்கள் கையால் செய்தவை நாற்பது இருந்தன. வெட்டிவேர், ஆரஞ்சு, எலுமிச்சைப் புல், ரோஜா.

"ஒன்னத்தையாவது சும்மா விட்டேனா பாரு. எல்லாத்துலயும் வாசனையப் போட்டுத் தொலச்சிருக்கேன்" என்றீர்கள்.

"நான் செய்யறேனுங்க" என்றேன். "வாசனையே இல்லாம. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

"ஆறு வாரம் ஆவும்" என்றீர்கள்.

"ஆகட்டுங்க."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமும் கேட்டுக்கொண்டீர்கள். வாசனை கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர், எரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றாராம்.

உங்கள் வீட்டில் காஸ்டிக் சோடா நெடி ஆகாது என்பதால் சாங்வியில் என் சமையலறையில் செய்தேன். போனை மசாலா டப்பாக்களுக்கு நடுவில் சாய்த்து வைத்தேன். திரையில் நீங்கள், தலையில் துண்டோடு. என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஹாலின் கடைசியில் நின்றார்.

"கேமராவக் கீழ எறக்கு. உன் மூஞ்சிய யாரு கேட்டா, பாத்திரத்தக் காட்டு. எவர்சில்வர்தானே? கண்ணாடி போட்டியா? கையுற? ஜன்னலத் தெற. இப்ப தண்ணியில காஸ்டிக்கப் போடு. மாத்திக் கீத்தி காஸ்டிக்ல தண்ணிய ஊத்தின, மூஞ்சில அடிக்கும்."

"தெரியுமுங்கக்கா."

"தெரிஞ்சதத்தான் சொல்றேன். தெரியாததச் சொல்ல நீ இன்னா பரீட்சையா எழுதற?"

தேங்காய் எண்ணெய், தவிட்டு எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய், கட்டி இறுகுவதற்கு ஒரு சிட்டிகை உப்பு. கிண்டிக்கொண்டே இருந்தேன். "எப்பிடி இருக்குது? மோரா, தோச மாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தோசை மாவு ஆனதும், காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றினேன். மறுநாள் வெட்டினேன். ஒன்பது கட்டிகள். ஒன்று கூட நேராக இல்லை. வெட்டிய தேதியையும் எடுக்கும் தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி அருகில் வைத்தேன். எடுக்கும் தேதியை எழுதும்போது பேனா நின்றது. அந்தத் தேதிக்கு நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று யாரும் உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை.

புனே மழைக்காலத்தில் துணியே காயாது. சோப்பு எங்கே காயும்? படுக்கையறையை அதற்குக் கொடுத்துவிட்டோம். பகலிரவாக மின்விசிறி ஓடியது. நாங்கள் ஹாலில் பாய் விரித்துக்கொண்டோம். "இந்த வீட்டுல நம்மளவிட சோப்புக்குத்தான் வசதி" என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் காலையில் நான் மறந்தாலும் அவர்தான் ஒவ்வொன்றையும் திருப்பி வைத்துவிட்டு ரஞ்சன்காவ் பஸ்ஸுக்கு ஓடுவார். சமையலறைத் தராசில் ஒரு கட்டியைத் தினமும் நிறுத்துப் பார்த்தேன். எடை குறைவது நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம் என்று சொல்லியிருந்தீர்கள். மழை ஓங்கிய நாளில் குறையவே குறையாது. அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது.

மூன்றாவது வாரம் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு நாள். திரும்பி வந்தபோது உங்கள் குரல் பாதியாகியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. இருப்பதிலேயே சின்னதாக ஒரு கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் அதை வாங்கி, நகம் படாமல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தீர்கள். "உள்ள இன்னும் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தீர்கள்.

"போதுங்கக்கா. மூணு வாரம் ஆச்சுங்க."

"மூணு வாரத்துல குடுத்தா இன்னா ஆவும்னு உனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். உரிஞ்ச தோலு. எரியும்."

"இல்லீங்க, ஒருவேளை..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள்தான் முடித்தீர்கள். "ஒருவேள நான் இல்லன்னா உங்க அண்ணன் தேச்சிக் குளிப்பார். அவருக்குப் பழக்கந்தான்." அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "எடுத்துகினு போயி அதும் எடத்துல வை. நான் இருக்கிறேன். போ."

அந்தக் கட்டியைத் திரும்பக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒருநாளும் நான் தேதியை எண்ணவில்லை. எடையை மட்டும் பார்த்தேன். ஐந்தாவது வாரத்தில் இரண்டு நாள் வெயில் அடித்தது. ஆறாவது வாரத்தின் கடைசியில் தராசு முள் மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்டிகளைக் கொண்டுவந்தேன். நீங்கள் கையில் வாங்கினீர்கள். கட்டைவிரலால் அழுத்தினீர்கள். ஒன்றோடொன்று தட்டிக் கேட்டீர்கள். மரக்கட்டை மாதிரி டக்கென்றது. பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனீர்கள். நானும் அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஒரு வாசனையும் இல்ல" என்றீர்கள். எந்தப் பூவையும் யாரும் அப்படி ஒரு நிம்மதியோடு முகர்ந்து நான் பார்த்ததில்லை.

ஒன்றைப் பாதியாக நறுக்கச் சொன்னீர்கள். நறுக்கினேன். அண்ணன் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தார். அவருடைய பழைய வேட்டியில் கிழித்த துணியில் இரண்டு இழுப்பு இழுத்தேன். முதலில் கைகள். எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினீர்கள். பிறகு கால்கள். முடித்து, ஒற்றித் துடைக்கும்போது உங்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மருந்தில்லாமல் வந்த தூக்கம் என்று அண்ணன் சாடை காட்டினார்.

பதினெட்டு நாள் அந்தப் பாதிக் கட்டியை நீங்கள் பயன்படுத்தினீர்கள். நான் சனி, ஞாயிறு, புதன் வருவேன். மற்ற நாளில் அண்ணன் செய்வார். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் கட்டியை உங்களிடம் காட்ட வேண்டும். விளிம்பு கூர் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

"என்ன விட இது ஜாஸ்தி நாள் வரும்போல" என்றீர்கள் ஒரு புதன்கிழமை.

"இப்படியெல்லாம் பேசாதீங்கக்கா" என்றேன்.

"நல்லதுதானே சொல்றேன். கரையாம நாள்பட வந்தா செஞ்சவளுக்குத்தானே பெரும. செஞ்சது யாரு, நீதானே" என்று என் கன்னத்தைத் தட்டினீர்கள்.

அதற்கு மறுவாரம் வியாழக்கிழமை மதியம் அண்ணன் போன் செய்தார். மழை விட்டிருந்தது. சர்ச்சிலும் கல்லறையிலும் நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேசவும் இல்லை.

பத்து நாள் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சோப்பு இன்னும் கெடக்குதும்மா. இன்னா பண்ணட்டும்?"

"நீங்க தேய்ச்சுக்குங்கண்ணா."

"மனசு வரல."

"வர்றப்போ தேய்ச்சுக்குங்க. அது ஒன்னும் ஆகாதுங்க. காஞ்ச சோப்பு."

பொங்கல் சமயத்தில் பார்க்கப் போனபோது, குளியலறை ஜன்னலில் பிளாஸ்டிக் கூடைக்குள் அது இருந்தது. இலை மாதிரி மெலிந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு. தினமும் தேய்க்கிறாரா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம மட்டும். மத்த நாளு அவ போட்ட வெட்டிவேர்" என்றார். பேசிக்கொண்டே ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை போகிறேன். அவருக்கு உள்ளறை அலமாரியைத் துடைத்துக் கொடுக்கிறேன். புதிதாக எதுவும் செய்வதில்லை; எண்ணெய் கிண்டும் பாத்திரத்தை வெளியே எடுக்க எங்கள் இருவருக்குமே இன்னும் தைரியம் வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தூங்கிய பிறகு, துடைத்த கால்களை உடனே கீழே வைத்தால் விழித்துக்கொள்வீர்களோ என்று பயந்து, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வலது பாதம் என் இரண்டு உள்ளங்கைகளிலும் இருந்தது. குதிகாலில் புதுத் தோல் மெல்லிசாக, குழந்தைக்கு இருப்பது போல. ஒரு பாதம் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிற்பவரின் கால் கனம் யாருக்கும் தெரிவதில்லை; தூங்குபவர் முழுதாக நம் கையில் விட்டுவிடுகிறார். அரைமணி நேரம் இருக்கும். எனக்குக் கை மரத்துப் போனது. நகர்த்தவில்லை.

அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது, அக்கா. மீட்டிங் நடுவில், பஸ்ஸில், யாராவது எதையாவது சொல்லத் தயங்கி நிற்கும்போது, மடியில் என் இரண்டு கைகளும் தாமாகக் குழிந்து சேர்ந்துகொள்கின்றன. அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இருக்கிறேன்.

உங்கள்
காயத்ரி